செம்மண் பாதையில் மட்டும் தொடர்பு அறுந்துபோகும் பின்னிருக்கைத் திரை

கேள்வி (சுங்கை சிப்புட்):
எங்கள் ஏழு இருக்கை வாகனத்தின் கூரையில் உள்ள பின்னிருக்கைத் திரை தார்ச் சாலையில் ஒழுங்காக இயங்குகிறது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கிய சில நிமிடங்களில், வெளிச்சம் மட்டும் இருக்க, முன்புற வானொலிப் பிரிவின் கட்டளைகளை ஏற்காமல் நின்றுவிடுகிறது. ஸ்கேனரில் ‘யு’ எழுத்தில் தொடங்கும் தொடர்பு இழப்புக் குறியீடு வந்ததால், ஒரு பட்டறையில் திரையையே மாற்றச் சொல்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பிள்ளைகளோடு பத்துமலைக்குப் போகவிருக்கிறோம். கெட்டது திரையா, கம்பியா என்று எப்படி உறுதி செய்வது?

பதில் (தெலுக் இந்தான், வயரிங் பட்டறை):
தம்பி, திரையை இப்போதே மாற்ற வேண்டாம். எந்தப் பிரிவிடமிருந்து தகவல் வரவில்லை என்பதைத்தான் அந்தக் குறியீடு சொல்கிறது. காரணம் அதில் இல்லை. குலுங்கும்போது மட்டும் வரும் பழுது என்பதால் கம்பி, இணைப்பான், எர்த் (வண்டி உடலோடு சேரும் எதிர்மின் இணைப்பு) ஆகியவற்றின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு, திரையின் இணைப்பானைப் பிரித்து, கம்பி பக்கத்தில் இரண்டு கேன் கம்பிகளுக்கும் (பிரிவுகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் தடம்) இடையே ஓம் அளவிடுங்கள். தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருப்பதால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். திரையே ஒரு முனையாக இருந்தால் 120 காட்டுவதும் சரியே. எண்ணே வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டி வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்டியரிங் கீழே ஸ்கேனர் செருகும் சாக்கெட்டின் 6, 14ஆம் முனைகளில் 60 வந்துவிட்டது என்று நிறைவடைந்துவிடக் கூடாது, ஏனெனில் பின் திரைக்குப் பிரியும் கிளை அறுந்திருந்தாலும் அங்கே 60 காட்டலாம். பொழுதுபோக்குப் பிரிவுகள் அந்தச் சாக்கெட்டோடு நேரடியாக இணையாத தனித் தடத்திலும் இருக்கலாம்.

பிறகு எல்லாவற்றையும் இணைத்து, திரை ஓடும்போது அதன் எர்த் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்மின் முனைக்கும் இடையே வோல்ட் அளவிட்டபடி, கம்பிக் கட்டை ஆட்டிப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் எர்த் பழுது. எர்த் அதிகம் உயர்ந்தால், மற்ற பிரிவுகள் அனுப்பும் சைகையைத் திரையால் சரியாக வாசிக்க முடியாமல் போகும்; விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். தோட்டப் பகுதி என்பதால் எலி கடித்த தடத்தையும் பாருங்கள்.

பதில் (கிள்ளான்):
முதலில் திரையின் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். சில ஐரோப்பிய வாகனங்களில் பொழுதுபோக்குப் பிரிவுகளை ஒளியிழை வளையமாக இணைத்திருப்பார்கள். அதில் ஓம் அளவுக்குப் பொருளே இல்லை. ஓரிடத்தில் அறுந்தாலும் முழு வளையமும் நின்றுவிடும். அந்த இழையை 25 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் வளைக்கவும் கூடாது.

கேட்டவர்:
நன்றி, அண்ணா. எங்களுடையது முறுக்கிய இரட்டைச் செப்புக் கம்பிதான். 61 ஓம் காட்டியது. ஆனால் பின் பக்கவாட்டு அட்டைக்குள் கம்பிக் கட்டை ஆட்டியபோது எர்த் அளவு 3 வோல்ட் வரை துள்ளியது. முன்பு பின்புறக் கேமரா பொருத்தியவர்கள் அதே திருகில் தங்கள் கம்பியையும் சேர்த்திருந்தார்கள். திருகு தளர்ந்து துருவேறியிருந்தது. சுரண்டி, கேமராவுக்குத் தனி இடம் கொடுத்து இறுக்கினேன். இப்போது 0.04 வோல்ட். குறியீட்டை அழித்துப் பத்து நாள்களாகச் செம்மண் பாதையில் ஓட்டுகிறேன்; மீண்டும் வரவில்லை.