முழங்கால் அளவுத் தண்ணீரில் பின்தொடர்ந்து வந்த மீன்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

ஆழமில்லாத தண்ணீரில் ஃபிளை (இறகு போன்றவற்றால் கட்டிய செயற்கை இரை) வீசி மீன் பிடிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மீன் பின்னால் வருவதைக் கண்ணால் கண்டுவிட்ட பிறகு உங்கள் கை என்ன செய்தது? பிடித்த மீனின் படம் எல்லாரிடமும் இருக்கிறது. எனக்கு வேண்டியது அது வாய் திறப்பதற்கு முந்திய சில விநாடிகளின் கதை. என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

எனக்கு ஃபிளை வீசப் பழக்கியவர் நெதர்லாந்தில் இருக்கும் அத்தான். அக்காவும் அவரும் குடியிருக்கும் ஊரைச் சுற்றிக் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் மேய்ச்சல் நிலம். அதை வெட்டிப் பிரிக்கும் வாய்க்கால்களும் சிறு குளங்களும் பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. ஒரு மீற்றருக்கு மேல் வளரக்கூடிய பைக் மீன் அந்தத் தண்ணீரில்தான் கிடக்கிறது. அதன் முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலை ஒட்டிப் பின்னுக்கு அமைந்திருக்கும். நெடுந்தூரம் துரத்தும் உடம்பில்லை அதற்கு. நின்ற இடத்திலிருந்து பாய்கிற உடம்பு. அதனால் நாணல் ஓரத்தில் அசையாமல் நின்று, இரை தன் முன்னால் வரும்வரை காத்திருக்கும்.

நாங்கள் போனது ஒக்டோபரில். நீர்ச்செடிகள் சாயத் தொடங்கியிருந்தன. ஒன்பதாம் எண் கோல் (எண் கூடினால் கோலின் பலமும் கூடும்), ஒரு சாண் நீளத்தில் வெள்ளை ஃபிளை, அதற்கு முன்னால் மெல்லிய உருக்குக் கம்பி. பைக்கின் வாயில் பின்னோக்கிச் சாய்ந்த பற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கம்பி இல்லாமல் வீசினால் நூல் அறுந்து, தூண்டில் முள் அதன் வாயிலேயே தங்கிவிடும். கம்பி கட்டாதவனைத் தன்னுடன் கரைக்கு வரவே அத்தான் விடமாட்டார்.

நாணலை ஒட்டி விழுந்த ஃபிளையை ஒரு முழம் இழுத்து நிறுத்தினேன். மறுபடி இழுத்தேன். அதன் பின்னால் நீர்ப்பரப்பு மெல்லப் பிதுங்கியது. பிறகு பச்சை உடம்பும் மஞ்சள் புள்ளிகளும் தெரிந்தன. ஃபிளைக்கு ஒரு சாண் பின்னால் அந்த மீன் வந்துகொண்டே இருந்தது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. “நிறுத்தாதே. உண்மையான இரை என்றால் ஓடும்” என்று அத்தான் காதோரம் சொன்னார். நூல் முடிந்து கரை வந்துவிட்டது. கோலின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, ஃபிளையைக் கரையோரமாக எட்டு வடிவில் அகலமாக ஓட்டினேன். இரண்டாவது வளைவில் வெள்ளை வாய் திறந்து மூடியது. கோலைத் தூக்காமல் இடது கையால் நூலை நேராகப் பின்னால் இழுத்தேன். அவ்வளவுதான் வித்தை. கோலைத் தூக்கினால் ஃபிளை வாயை விட்டு மேலே போய்விடும். நூலை இழுத்தால் முள் தாடை ஓரத்தில் ஏறும். ஏறாவிட்டாலும் ஃபிளை மீனின் கண் முன்னாலேயே நிற்கும், அது திரும்பவும் கடிக்க வரும்.

கொழும்பில் பைக் கிடையாது. ஆழமற்ற தண்ணீரில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது விரால். கடுவெலைப் பக்கம், செங்கல்லுக்கு மண் எடுத்துக் கைவிட்ட பழைய குழிகளில் காணிக்காரரிடம் கேட்டுவிட்டு வீசுகிறேன். மழை நிரப்பிய அந்தக் குழிகளை அல்லியும் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் மூடிக் கிடக்கும். சல்வீனியா 1939இல் ஆய்வுக்கென்று கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட செடி. இன்று அது மூடாத குளத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் தீராத வருத்தம்.

பைக் நிற்கும் இடத்தை நாம் ஊகிக்க வேண்டும். விரால் தானே காட்டிக்கொடுத்துவிடும். அது காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுளுக்கு மேலே அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். அப்போது எழும் அலை வட்டத்தின் மேலேயே ஃபிளையைப் போட்டால் பயந்து ஓடிவிடும். இரண்டு மூன்று முழம் தள்ளிப் போட்டுவிட்டு, அலை அடங்கும்வரை விட்டுவிடுவேன். என் ஃபிளை தேய்ந்த இறப்பர் செருப்பின் அடியை வெட்டிச் செய்தது. பின்னால் சேவல் இறகு. முள்ளுக்கு முன்னால் செடியில் மாட்டாதபடி தடித்த தங்கூசி நூலில் ஒரு வளையம். வெளிநாட்டிலிருந்து வரும் விலை உயர்ந்த செயற்கைத் தவளைகளைவிட இது நன்றாக மிதக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஒரு விடியற்காலையில் அல்லி இலைகளுக்கு நடுவே அதை நகர்த்திக்கொண்டிருந்தேன். காற்றே இல்லை. ஆனாலும் தூரத்தில் ஓர் இலை அசைந்தது. பிறகு அதற்கு இப்பால் ஒன்று. பிறகு இன்னொன்று. மீன் தெரியவில்லை, அது வரும் வழி மட்டும் தெரிந்தது. ஃபிளைக்கு அருகே கடைசி இலை நடுங்கி நின்றபோது நான் அசைக்கவே இல்லை. ஒரே ஒரு தடவை, விரலால் நூலைச் சுண்டினேன். பட்டாசு வெடித்த மாதிரித் தண்ணீர் சிதறியது. ஃபிளை மேலே எறியப்பட்டு வேறோர் இலையில் விழுந்தது. விரால் குறி தவறும் மீன். ஆனால் அந்த இடத்தை விட்டு உடனே போகாது. ஃபிளையை இலையிலிருந்து மெல்ல இழுத்துத் தண்ணீருக்குள் விழ விட்டேன். இந்த முறை சத்தமே இல்லாமல் உறிஞ்சிக்கொண்டது. ஒரு மூச்சு விட்டு, நூல் நகர்வதைப் பார்த்த பிறகே இழுத்தேன். பைக் வாயை மூடியதும் இழுக்க வேண்டும். மேற்பரப்பில் எடுக்கும் விராலுக்கு அந்த ஒரு மூச்சைக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக நான் காண்பது, கோல் கீழேயே இருக்க வேண்டும் என்பது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, இலை அசைந்து வருவதை நீங்கள் எழுதியது அப்படியே உண்மை. நான் சிறுவயதில் மூங்கில் தடியும் உயிர்த் தவளையுமாக விரால் பிடித்தவன். ஃபிளை எனக்கு மகன் வாங்கித் தந்த பிறகு வந்த பழக்கம். ஆனால் கேட்ட கேள்விக்கு வேறொரு பதில் என்னிடம் உண்டு: கண்ட பிறகு கையை எடுத்துவிட வேண்டிய சந்தர்ப்பமும் இருக்கிறது.

மழை தொடங்கிய பிறகு குழிகளில் செந்நிறத்தில் ஒரு கூட்டம் கொதிப்பதுபோல் மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது விரால் குஞ்சு. அதற்குக் கீழே தாயும் தகப்பனும் நிற்கும். அந்த நேரத்தில் குஞ்சுகளின் நடுவே என்ன விழுந்தாலும் பெரிய மீன் அடிக்கும். பசியால் வரும் அடி இல்லை, பிள்ளைகளைக் காக்க வரும் அடி. பிடிப்பதற்கு இதைவிட இலகுவான வழி கிடையாது. அதனாலேயே அதைச் செய்யக்கூடாது என்கிறேன்.

ஒருமுறை என்னுடன் வந்த இளைஞர், நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், அந்தக் கூட்டத்துக்கு நடுவே வீசினார். பெரிய விரால்தான் கிடைத்தது. அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திலாப்பியாக்கள் நாலா பக்கமும் இருந்து வந்தன. மேலே மீன்கொத்தி. நாங்கள் கொண்டுபோன தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அந்தச் செந்நிறம் சிதறிப் போய்விட்டது. அந்த இளைஞருக்கு அதைக் காட்டினேன். அவர் பேசாமல் மீனைத் திரும்ப விட்டார். விரால் காற்றைச் சுவாசிப்பதால் உயிருடன் திரும்பிப் போனது. குஞ்சுகளுக்கு அது உதவியதா என்று சொல்ல முடியாது.

எங்கேயாவது குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் இப்போது நான் கோலை மடக்கிவிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். தகப்பன் மீன் காற்றெடுக்க வரும்போது குஞ்சுகளும் கூடவே எழும்பி வருவதைக் கண்டால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

ஐயா எழுதியதை என் தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். நான் ஃபிளை வீசத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. சொல்ல வேண்டிய விடயம் மீனைப் பற்றியது மட்டும் இல்லை.

பிலியந்தலைப் பக்கம் கைவிட்ட வயல் ஒன்றில் நானும் தம்பியும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று வீசிக்கொண்டிருந்தோம். என் ஃபிளையைத் தொடர்ந்து வந்த விரால் நேரே என் கால்களுக்கு இடையில் வந்து நின்றது. இழுப்பதற்கு நூல் மிச்சமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அதன் தலையின் செதில்களைப் பார்க்க முடிந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் முழங்காலைத் தொட்டுக்கொண்டே திரும்பிப் போனது. கிடைத்த எந்த மீனையும்விட அது எனக்குப் பெரிது.

அடுத்த வாரம் தம்பிக்குக் காய்ச்சல். கண் சிவந்து, கெண்டைக்கால் தசைகளைத் தொட முடியாத வலி. எலிக்காய்ச்சல் என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து, காலில் இருந்த சிறு கீறல் வழியாகக் கிருமி போயிருக்கிறது. உரிய நேரத்தில் மருந்து கிடைத்ததால் குணமானான். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு உயிர் போனவர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். நீங்களும் இறங்குவதற்கு முன் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம், கரையிலிருந்து வீசுங்கள். பின்னர் காய்ச்சல் வந்தால் வயல் தண்ணீரில் நின்றதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

தெஹிவளையிலிருந்து:

எனக்குப் பின்தொடர்ந்து வந்தது விரால் இல்லை. தட்டையான வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் கரும்புள்ளிகள் வரிசையாக, அடியில் நீண்ட ஒரே துடுப்பு. அலங்கார மீன் தொட்டியிலிருந்து தப்பிய கத்திமீன். கொழும்பைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இது பெருகிவிட்டது. அது வரும் விதம் அழகுதான். அடித்துடுப்பு மட்டும் அலையலையாக அசைய, முன்னும் பின்னும் போய்வந்து ஃபிளையைப் பரிசோதித்தது. கடைசியில் எடுத்தது. அதை நான் திரும்ப விடவில்லை, விடவும் மாட்டேன். நம்முடைய சிறு மீன்களைத் தின்று தீர்க்கிற மீன் அது.

அண்ணா, ஒரு கேள்வி. ஜூலையில் லண்டனில் மாமா வீட்டுக்குப் போகிறேன். பக்கத்தில் ஆழமில்லாத குளம் ஒன்றில் பைக் இருக்கிறதாம். எட்டாம் எண் கோல் போதுமா?

வெள்ளவத்தையிலிருந்து:

ஐயா, குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசுவதில்லை என்பதில் நானும் உங்களுடன் நிற்கிறேன். பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்துக்கும் நான் தூண்டில் கொண்டுபோவதில்லை. 1990 முதல் அது சரணாலயம். போயா தினங்களிலும் கோல் வீட்டில்தான். குழிக்குப் பக்கத்தில் விகாரை இருக்கிறது, அந்த ஊர் மக்களின் மனம் நோகக்கூடாது.

தங்கச்சி, தம்பி குணமானது பெரிய ஆறுதல். நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு நானும் கரையிலிருந்தே வீசுகிறேன். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைக்கு முன் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்குள் போவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

தெஹிவளைத் தம்பிக்கு: கோல் போதும், மாதம் சரியில்லை. பைக் குளிர்ந்த நீரின் மீன். ஆழமில்லாத குளம் ஜூலையில் சூடாகி, தண்ணீரில் ஒட்சிசன் குறைந்துவிடும். அந்த வெப்பத்தில் போராடிக் களைத்த பைக் நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பின்னர் செத்துவிடக்கூடும். விரால்மாதிரி மேலே வந்து காற்றெடுத்துப் பிழைக்க அதற்கு முடியாது. மாமாவிடம் சொல்லிப் பயணத்தை ஒக்டோபருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இங்கிலாந்தில் 13 வயதும் அதற்கு மேலும் உள்ள எவருக்கும் தூண்டில் அனுமதிப்பத்திரம் வேண்டும். குளத்துக்கு உரியவரின் அனுமதி தனி. உருக்குக் கம்பி, நீண்ட இடுக்கி, மீனைக் கிடத்த நனைத்த விரிப்பு, எதிர்முள்ளை நசுக்கிய ஒற்றை முள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஜூலையிலேயே போக வேண்டியிருந்தால், அந்தக் குளத்தில் பைக்கை விட்டுவிட்டுச் சிறிய ஃபிளையால் ரட் மீன் பிடியுங்கள். சூரிய ஒளியில் அதன் சிவந்த துடுப்புகளும் பார்க்க வேண்டியவைதான்.