கிரிக்–ஜெலி சாலையில் யானை பார்க்க எந்த நேரம் தோது?

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். பள்ளி விடுமுறையில் பினாங்கிலிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு (கிரிக்–ஜெலி சாலை) யானை பார்க்கப் போகத் திட்டம். பழைய ஆட்டோ கியர் மைவி கார், பின்னாடி ரெண்டு சின்னப் பிள்ளைங்க. ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

மலைப்பாதை:
தங்கிட்டுப் போங்க. ஒரே நாள்னா, யானை வெளிய வர்ற நேரத்துல நீங்க இருட்டுல வீட்டுக்கு ஓட்டிக்கிட்டிருப்பீங்க. அதுங்க ரோட்டைக் கடக்கிறது பெரும்பாலும் ராத்திரியிலதான். ஓரத்துல மரம் இல்லாம வெயில் விழுறதால புல்லும் காட்டுவாழையும் மண்டிக் கிடக்கு, மேய வருது. சாலையோரத் தெமெங்கோர் ஏரியில இருக்கிற பண்டிங் தீவுல தங்கி, ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்புங்க. சாயங்காலம் ஆறரைக்குள்ள அறைக்கு வந்துடணும்.

கூலிம், கூப்பாங் வழியா போங்க. எண்ணெயை (பெட்ரோல்) கிரிக்கிலேயே முழுசா ஊத்திடுங்க, காட்டுக்குள்ள நம்பாதீங்க. சில இடத்துல மண் இறங்கி ரோடு அலையலையா இருக்கும், பாரம் ஏத்துன லோரியும் எதிர்ல வரும். இறக்கத்துல கியரை 'டி'யிலேயே விட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காது. கியரைக் குறைங்க.

ஜெலுத்தோங்வாசி:
நன்றிண்ணே. யானை நடுரோட்டுல நின்னா ஹார்ன் அடிக்கலாமா?

காட்டுவாழை:
கூடவே கூடாது. ஹை பீமும் வேணாம். தூரத்துலயே நிறுத்தி, இஞ்சினை அணைக்காம, கண்ணாடியை ஏத்திட்டுக் காத்திருங்க. பின்னாடி வண்டி ஒட்டி நின்னா ரிவர்ஸ் எடுக்க முடியாது, அதனால ஹசார்ட் லைட்டை முன்கூட்டியே போடுங்க. காதை விரிச்சு, தலையைத் தூக்கி உங்களையே பார்த்தா மெதுவா பின்வாங்குங்க. ஒண்ணு கடந்துடுச்சேன்னு உடனே நகராதீங்க, குட்டி பின்னால வரலாம். 2025 மே மாதம் இதே சாலையில லோரி மோதிக் குட்டி செத்துச்சு, தாய் அந்த லோரியை முட்டிக்கிட்டே நின்னது. செல்ஃபிக்குன்னு இறங்குறவங்களுக்கு எந்த அறிவுரையும் இல்ல.

இருவாச்சி:
யானை கண்ணுல படலைன்னாலும் போனது வீணில்ல. மலேசியாவோட 10 வகை இருவாச்சிப் பறவையும் இந்தச் சாலை கடந்து போற பெலும்–தெமெங்கோர் காட்டுல உண்டு. ஏறக்குறைய 1,050 மீட்டர் உயரத்துல இருக்கிற தித்திவங்சா ஓய்விடத்துல காலையில நிறுத்தி, பழுத்த அத்திமரம் தெரிஞ்சா அங்கேயே நில்லுங்க. பெரிய இருவாச்சியோட இறக்கைச் சத்தம் முதல்ல கேட்கும், பறவை அப்புறம்தான் தெரியும். பத்து மணிக்கு மேல அடங்கிடும். மூடுபனி இருந்தா விலகற வரைக்கும் அங்கேயே நாஸ்தா பண்ணிக்கலாம், குரங்கு வந்தா பழப்பையை கார் பின்பெட்டிக்குள்ள வைங்க.

ரோட்டுல போக அனுமதி வேணாம். பண்டிங்ல படகேறி ரோயல் பெலும் பூங்காவுக்குள்ள போறதா இருந்தா மட்டும் பெர்மிட் வேணும், படகுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி எடுத்துக்குங்க.