பசை அட்டையும் கிட்டியும் (கீழத்தெரு சொந்தங்கள் குழு)

கார்த்தி சென்னை: அம்மா, நான் அனுப்பிய பசை அட்டையை வைத்தாயா?

அம்மா: வைத்தேன். எலி வரவில்லை, அணில் குட்டி ஒட்டிக்கொண்டது. நல்லெண்ணெய் தடவித் தடவிப் பிரிக்க அரை மணி நேரம். வால் மயிர் பாதி அட்டையோடு போயிற்று. இனி அந்தச் சனியன் இந்த வீட்டுக்கு வேண்டாம்.

பெரியப்பா: விலங்குகள் நல வாரியமே அந்த அட்டை கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. எலியும் உடனே சாகாது, ஒட்டியபடி துடித்துக் கிடக்கும். பரணில் பழைய பொறி இருக்குமே?

செல்வி அத்தை: அண்ணி, மசால்வடைக்காக அடுப்பு மூட்ட வேண்டாம் 😄 சுட்ட தேங்காய்ச் சில்லு போதும். பொறிக் கதவைத் தூக்கிக் கட்டி 2 நாள் சும்மா தின்ன விடுங்கள். புதுச் சாமானைக் கண்டால் எலி கிட்டவே வராது. சுவரோரமாக வையுங்கள்.

சித்தப்பா: வீட்டு எலியை விடுங்கள். வாய்க்காலோரம் 3 மா வயலிலும் சம்பா நெல் பொதி கட்டி, கதிர் வெளிவரும் பருவம். எலி தூர் தூராகச் சாய்வாக நறுக்கிப் போட்டிருக்கிறது.

தினேஷ்: வரப்பில் கம்பி இழுத்துக் கரண்ட் கொடுத்துவிடலாமே சித்தப்பா?

சித்தப்பா: டேய், விடியற்காலை மடை திறக்கப் போவது நான்தான். போலீஸ் கேஸும் ஆகும். இன்னொரு தடவை அந்தப் பேச்சு வேண்டாம்.

பெரியப்பா: கிட்டிக்காரரிடம் சொன்னாயா தம்பி?

சித்தப்பா: சொல்லியாச்சு அண்ணா. சாயங்காலம் 30 கிட்டியோடு வருகிறார். எலியை எண்ணித்தான் கூலி.

கார்த்தி சென்னை: கிட்டி எப்படி இருக்கும்? நான் பார்த்ததே இல்லை.

சித்தப்பா: மூங்கில் சிம்பை வில்லாக வளைத்து நாண் கட்டியிருக்கும். எலி இரையை இழுத்ததும் வில் விடுபட்டு நாண் கழுத்தை இறுக்கும். தஞ்சாவூர் கிட்டி என்று வேளாண்மைக்காரர்களே சொல்வார்கள். வில் யாரும் கட்டலாம், வைக்கத் தெரிய வேண்டும். இவர் குனிந்து சேற்றில் கால்தடம் தேடி, நேற்று நறுக்கிய தூருக்குப் பக்கத்தில்தான் ஊன்றுவார். விஷம் வைத்தால் அந்த எலியைத் தின்கிற ஆந்தைக்கும் ஆபத்து. இதில் அது இல்லை.

மறுநாள் காலை 6.10

சித்தப்பா: 30 கிட்டியில் 11 எலி, 1 நண்டு.

செல்வி அத்தை: நண்டுக்கும் கூலி கேட்டாரா?

சித்தப்பா: கேட்கவில்லை. நண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.