சூடானதும் பெட்ரோல் அழுத்தம் விழுகிறது: சுபாரு இஏ81

சொந்தமாகக் கட்டிய விமானத்தில் கார் இன்ஜின் பொருத்தியவர்கள் உதவுங்கள். தரையில் ஓட்டிப் பார்ப்பதிலேயே ஒன்றரை மாதமாக நிற்கிறேன். இது தீராமல் மேலே கிளம்ப மாட்டேன்.

இடம் டெக்சாஸ், சான் அன்டோனியோ. இரண்டு இருக்கை, தாழ்சிறகு, டாங்க் சிறகுக்குள். இன்ஜின் சுபாரு இஏ81, 1781 சிசி, ப்ரொப்பெல்லர் வேகத்தைக் குறைக்கும் பெல்ட் ரிடக்‌ஷன், கார்புரேட்டர். எத்தனால் 10% கலந்த கார் பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். எலெக்ட்ரிக் பம்ப் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பு), இன்ஜின் பக்கம். டாங்கைவிட உயரத்தில் இருப்பதால் உறிஞ்சித்தான் இழுக்கிறது.

காலையில் ஒரு குறையும் இல்லை. மதியம் 36 டிகிரியில் பத்து நிமிடம் ஓட்டி அணைத்து, கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் அழுத்தம் 3.5 பிஎஸ்ஐயிலிருந்து 1-க்கு இறங்குகிறது. முழு த்ராட்டிலில் திக்கி அணைந்துவிடுகிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும். அதனால் வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பது) என்றே நினைக்கிறேன்.

ஃபில்டர், இக்னிஷன் காயில் மாற்றியாயிற்று. டாங்க் வென்ட்டில் (காற்றுத் துளை) அடைப்பில்லை. குழாய்க்கு வெப்ப உறை சுற்றினேன். கோளாறு ஐந்து நிமிடம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். குளிர்ந்த நிலையில் மணிக்கு 60 லிட்டர் வருகிறது.

பம்பை டாங்கைவிடத் தாழ்வாகச் சிறகின் அடிக்கு மாற்றினால் மட்டும் போதுமா, மிஞ்சும் பெட்ரோலை டாங்குக்கே திருப்பும் ரிட்டர்ன் குழாயும் கட்டாயம் வேண்டுமா?