பெண்ணையாறு முடியும் ஊருக்குப் போய்விட்டு வந்தோம்

கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு வீட்டில் யாருக்கும் வேலை ஓடாது என்பார்கள். எங்களுக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தென்பெண்ணை. கொஞ்சம் மாந்தோப்பும் கறவை மாடுகளும்தான் பிழைப்பு. எங்களைப் போன்றவர்கள் நினைத்த நேரத்தில் கிளம்பிவிட முடியாது. செந்தூரா பறித்து முடித்து, கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூராக் காய் இன்னும் முற்றாமல் இருக்கும் மே மாதத்து இடைவெளிதான் வாய்ப்பு. பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. 2025 மே மாதம் அப்படித்தான் கடலூருக்குப் போனோம். பக்கத்து வீட்டு அக்கா, "மாட்டை நான் பாத்துக்கறேன், நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா" என்று சொல்லியிராவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை எழுத வேண்டாம், கடலுக்குப் போன எல்லார் வீட்டிலும் அதுதான். நான் சொல்ல வந்தது தாழங்குடாவில் பார்த்த ஓர் ஆயாவைப் பற்றி. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே உள்ள மீனவர் ஊர் அது. கருவாடு வாங்கலாம் என்று போனோம். மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தார். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கரையோரம் சின்னப் படகில் கிடைப்பதுதான் இப்போது வருகிறது, அதனால் விலை கூடுதலாக இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "கிருஷ்ணகிரிப் பக்கம் ஆயா, காவேரிப்பட்டணம்" என்றேன். ஊர் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர், "பெண்ணையாத்தங்கரைதான் எங்க ஊரு" என்றதும் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. வடக்குப் பக்கம் கையைக் காட்டி, "அந்த ஆறு இங்கதாம்மா வந்து விழுது. நீங்க அனுப்பற தண்ணிதான் எங்களுக்கு" என்றார்.

பள்ளியில் படித்ததுதான். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து கடலூரில் கடலில் கலக்கிறது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இந்த வயது வரை அந்த ஆற்றின் கரையிலேயே இருந்தும், அது போய்ச் சேரும் இடத்தில் ஒரு ஊர் இருக்கும், அங்கே நம்மைப் போல ஒரு குடும்பம் இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆயா உட்காரச் சொன்னார். வழிக்கு எடுத்துப் போயிருந்த காவேரிப்பட்டணத்து நிப்பட்டைப் பிரித்து வைத்தேன். ஒன்றை எடுத்து உடைத்துப் பேரனுக்குப் பாதி கொடுத்துவிட்டு, 2024 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அப்பாடா என்று இவர்கள் மூச்சு விட்ட பிறகுதான் ஆறு வந்ததாம். புயல் கடலில் இருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீர் முதுகுப் பக்கமாக வந்தது. கடலே செம்மண் நிறமாகிவிட்டது. வேரோடு வந்த மரங்கள் கரையெல்லாம் ஒதுங்கின. வலை போட்டால் கிழிந்தது.

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, வேறு பக்கத்திலிருந்து. அன்று எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். ஐயோ பாவம் ஊத்தங்கரை என்று பேசினோம். அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகப் பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்குப் போய், டிசம்பர் 2 விடியற்காலை அங்கிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி என்று திறந்துவிட்டபோது, அது கடலூரில் போய் யார் வீட்டு வாசலில் நின்றது என்று நாங்கள் பேசவில்லை.

ஆயா குறையாக எதுவும் சொல்லவில்லை. "தண்ணி வந்தா ஒரு கஷ்டம்தான். வராட்டி அதைவிடக் கஷ்டம்மா" என்றார். ஆற்றில் வரத்து இல்லாத வருடம் முகத்துவாரத்தை மணல் மூடிவிடுமாம். படகு வெளியே போக வழி இருக்காது. நல்ல தண்ணீர் வந்து உப்புத் தண்ணீரோடு கலந்தால்தான் கழிமுகத்தில் இறால் பெருகும். தை 5 ஆற்றுத் திருவிழா பற்றியும் சொன்னார். சுற்றுப்பக்கத்து ஊர்ச் சாமிகள் எல்லாம் பெண்ணைக்கு வந்து தீர்த்தவாரி ஆடுமாம். நாங்கள் ஆடி 18-க்கு, எங்கள் பக்கம் இதே பெண்ணையில் கட்டிய கே.ஆர்.பி. அணைக்குப் போவோம் என்றேன். "அதே தண்ணிதானே" என்றார்.

சரி, ஊர் திரும்பிய கதைக்கு வருகிறேன்.

பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை என்று வந்தோம். போகும்போது எல்லோரும் தூங்கிக்கொண்டு போன பாதை. வரும்போது மகள் செல்போனில் வரைபடத்தை விரித்து வைத்து, ஆற்றின் நீலக் கோட்டைக் கடலிலிருந்து மேலே மேலே விரலால் தடவிக்கொண்டே வந்தாள். திருக்கோவிலூர்ப் பாலத்தில் பஸ் ஏறியதும், "அம்மா, நம்ம ஆறு!" என்று அவள் கத்தியதில் முன் சீட்டுப் பெரியவர் எழுந்துவிட்டார். கீழே பெரும்பாலும் மணல்தான், ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரர் ஒருவரை வெளியூரில் பார்த்தது போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை எல்லாம் ஒரேயடியாகக் குவிந்தது. பையைக் கவிழ்த்தால் மூலையெல்லாம் மணல். உப்பேறிய துணியை எங்கள் போர் தண்ணீரில் நனைத்தால் சோப்பு நுரைக்கவே இல்லை. மூத்த மாடு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மடியில் கை வைத்தால் பாலை இறக்காமல் அடக்கிக்கொண்டு காலைத் தூக்கியது. அக்கா கைக்குப் பழகிவிட்டது போல. கடைசியில் அவரே வந்து கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்க, கன்றை இரண்டாம் முறை ஊட்டவிட்டு, நான் கறந்தேன். சொசைட்டிக்கு அளவு குறைவாகத்தான் போனது. சின்னவன் ஒரு பக்கம், "திரும்பவும் கடலுக்குப் போகலாம்" என்று அழுதுகொண்டிருந்தான். வீட்டுக்காரர் தோப்பைச் சுற்றி வந்து, காற்றில் உதிர்ந்த காயை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரி கேழ்வரகுக் களி கிண்டி, ஆயா கொடுத்த நெத்திலியில் புளி தூக்கலாகக் குழம்பு வைத்தேன். அக்கா குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தேன். மாடு பார்த்துக்கொண்டவருக்குக் கடலூரிலிருந்து கருவாடு வாங்கி வந்து கொடுப்பது பெரிய கைமாறு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அவர் வீட்டுக்காரர் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, "இது எந்த ஊர்க் கருவாடு?" என்று கேட்டபோது, "நம்ம ஆத்துக் கருவாடு மாமா" என்று மகள் சொன்னாள். அப்புறம் தாழங்குடாக் கதை முழுக்க அவள் வாயிலிருந்துதான் வந்தது. சோர்வாக இருந்த எல்லோரும் அன்று நெடுநேரம் உட்கார்ந்து பேசினோம். அக்கா பிறந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். அந்த டிசம்பர் மழையில் அவர் தம்பி வீட்டில் என்ன நடந்தது என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாக விரிவாகச் சொன்னார். இத்தனைக்கும் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு.

அதற்கப்புறம் சில விஷயங்கள் மாறின. எங்கள் ஊர்ப் பாலத்துக்குக் கீழே கோழிக்கடைக் கழிவையும் பழைய துணி மூட்டையையும் கொட்டுவது காலங்காலமாக நடப்பது. நானும் பார்த்துக்கொண்டுதான் போவேன். இப்போது முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஸ்கூட்டரில் மூட்டையோடு நின்றபோது, "அண்ணா, அந்தப் பக்கம் ஆளுங்க இதுல மீன் பிடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் ஆறு நுரை நுரையாகப் பொங்குகிற செய்தி வரும்போதெல்லாம் மகள், "இது ஆயா ஊருக்கும் போகுமா?" என்று கேட்கிறாள். அங்கே பெங்களூர்க் கழிவு, இங்கே நம் கழிவு, எல்லாவற்றையும் கடைசி ஊர்க்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அவளிடம் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

மழைக்காலம் வந்து, கே.ஆர்.பி. அணை நிரம்பப் போகிறது, ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கவனமாக இருங்கள் என்று அறிவிப்பு வந்த அன்று, ஆயாவின் மகளுக்குப் போன் செய்தேன். கருவாடு வாங்கும்போது எண் வாங்கி வைத்திருந்தேன். ஆயாவே வாங்கிப் பேசினார். "உங்க அணை 52 அடி ரொம்பினா எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. கீழ சாத்தனூர்ல 119 அடி இருக்கு, அது ரொம்பி வழிஞ்சாத்தான் நாங்க மூட்டை கட்டணும்" என்று எனக்கே பாடம் எடுத்தார். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா, மாடு இப்போது பால் இறக்குகிறதா என்று விசாரித்தார். மாட்டுக் கதையை மகள்தான் எப்போதோ அவர் பேரனுக்குச் சொல்லியிருக்கிறாள்.

வரும் தை 5 திருவிழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். பொங்கலை ஒட்டி வருவதால் பிள்ளைகளுக்குப் பள்ளி பெரிய பிரச்சினையாக இருக்காது. இந்த முறை அக்காவும் வரணும் என்கிறார், அப்போது இரண்டு வீட்டு மாட்டையும் யார் பார்ப்பது என்றுதான் இப்போது வீட்டில் பேச்சு. திருக்கோவிலூர், சாத்தனூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், 2024 டிசம்பரில் உங்கள் ஊரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எழுதுங்கள். மகள் ஒரு நோட்டில் ஊர் ஊராக எழுதி வைத்துக்கொண்டு வருகிறாள். காவேரிப்பட்டணமும் ஊத்தங்கரையும் தாழங்குடாவும் ஆகிவிட்டது, நடுவில் உள்ள ஊர்கள்தான் பாக்கி.