கண்ணதாசனா, வாலியா? ஏழு தளம் சொன்னால் ஏழு சான்றா?

தேனிக்காரி:
பழைய திரைப்பாடல்களுக்கென்று ரசிகர்களே நடத்தும் கலைக்களஞ்சியத்தில் ஒரு வருடமாக எழுதுகிறேன். போன வாரம் 'கண் போன போக்கிலே' பக்கத்தில் பாடலாசிரியர் கண்ணதாசன் என்று இருந்ததை வாலி என்று மாற்றினேன். அரை மணி நேரத்தில் ஒருவர் மீளமைத்துவிட்டார். கேட்டால், திருத்தங்களைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் ஏழு இணையதள முகவரிகளை அடுக்குகிறார்.

என் கையில் இருந்தது அப்பா சொன்னதும் வானொலியில் கேட்டதும்தான். அதைச் சான்றாகப் போட முடியாது, தெரியும். ஆனால் அந்த ஏழையும் பொறுமையாகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இந்தப் பாட்டு இடம்பெற்ற 'பணம் படைத்தவன்' படம் வெளியான வருடம் 1956 என்று ஏழிலும் இருக்கிறது. படம் வந்தது 1965-இல். இதை எப்படி வாதாடுவது? எதைக் காட்டினால் நிற்கும்?

கிராமபோன் தாத்தா:
ஏழு இல்லை அம்மா, ஒன்று. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். சரியான விடை ஏழு பேருக்கு ஒரே மாதிரி வரலாம். தப்பான விடை ஒரே மாதிரி வந்தால், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்த 1956-ஐயே உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள். அதைவிடப் பெரிய வாதம் வேண்டாம்.

அப்புறம், படத்தின் டைட்டில் கார்டைப் பாருங்கள். யூடியூபில் பல பிரதிகளில் டைட்டிலையே வெட்டியிருப்பார்கள், முழுப் பிரதியாகத் தேடுங்கள். இந்தப் படத்துக்குப் பாடல்கள் வாலிதான், அதனால் வேலை சுலபம். இதே வருடம் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் வாலியோடு ஆலங்குடி சோமுவும் எழுதினார். இரண்டு பெயரைச் சேர்த்துப் போட்டால் எந்தப் பாட்டு யாருடையது என்று டைட்டிலில் எப்படித் தெரியும்? அங்கேதான் இசைத்தட்டு லேபிளும், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, இப்படிப்பட்ட பழசுகளுக்கு அங்கே போய்க் கேட்கலாம்.

சான்று எழுதும்போது 'இசைத்தட்டு' என்று மொட்டையாக முடிக்காதீர்கள். கம்பெனி, தட்டின் எண், எந்தப் பக்கம், எல்லாம் வேண்டும். அடுத்தவர் போய்ப் பார்க்க முடிந்தால்தான் அது சான்று.

மதுரை_78ஆர்பிஎம்:
ஐயா சொல்வது சரி, ஆனால் லேபிளும் வேதவாக்கு இல்லை. பாடகர் பெயரே மாறி அச்சான தட்டு என்னிடம் இருக்கிறது. பேட்டிகள் இன்னும் மோசம். நாற்பது வருடம் கழித்துப் பேசுகிறவர் பாட்டு பிறந்த கதையை அழகாகச் சொல்வார், வருடத்தைக் கோட்டை விடுவார். கதைக்கு மட்டும் பேட்டியைக் காட்டுங்கள்.

தீராத கேஸ்களும் உண்டு. 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்பார்கள். எத்தனை வாரம் என்றால் ஒரு இடத்தில் 114, இன்னொரு இடத்தில் 133. மூன்றாவது தீபாவளியைத் தொடவே ஏறக்குறைய 105 வாரம் ஆகிவிடும், ஆகவே கணக்கை வைத்து இரண்டையும் தள்ள முடியாது. அன்றைய நாளிதழ் விளம்பரங்களை வாரம் வாரமாகப் புரட்டினால் தெரியும். அதுவரை எங்கள் பக்கத்தில் இரண்டு எண்ணும் அதனதன் சான்றோடு நிற்கின்றன. ஒன்றை எடுத்துவிடச் சொல்லி மாதம் ஒருவர் சண்டைக்கு வருகிறார், வரட்டும்.

தேனிக்காரி:
1956 விஷயத்தை எழுதினேன். மீளமைத்தவர் பதில் போடவில்லை, திரும்ப மாற்றவும் இல்லை. இதற்கிடையில் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பாட்டுப் புத்தகமே கிடைத்துவிட்டது! பாட்டுக்குக் கீழே வாலி என்று இருக்கிறது. ஆனால் முன் அட்டையும் பின் அட்டையும் இல்லை, கறையான் தின்றுவிட்டது. யார் அச்சிட்டது, என்ன விலை, எதுவும் தெரியாது. இதை எப்படிக் காட்டுவது?

கிராமபோன் தாத்தா:
அட்டை இல்லை என்றே எழுதுங்கள். பக்க எண்ணைப் போட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஏற்றிவிடுங்கள். டைட்டில் கார்டு முதல் சான்று, இது இரண்டாவது. அந்தப் பெட்டியில் வேறு என்னென்ன இருக்கிறது? 'இரு மலர்கள்' புத்தகம் இருந்தால் 'மாதவிப் பொன்மயிலாள்' பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அதுவும் வாலி எழுதியதுதான், அங்கேயும் கண்ணதாசன் என்று ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.