வெள்ளவத்தையில் சோண்ட் ஆழம் தப்பாகக் காட்டுகிறது, உதவுங்கள்

மரைன் டிரைவில் தண்டவாளத்துக்குச் சமாந்தரமாக எச்டிடி (நிலத்தைத் தோண்டாமல் கிடையாகத் துளைக்கும் முறை) துளை போடுகிறோம். மேலே நின்று துளைமுனையைத் தேடும் லொக்கேட்டர் டிஜிட்ராக் எஃப்5, துளைமுனைக்குள் இருந்து சிக்னல் அனுப்பும் சோண்ட் 12 கிலோஹெர்ட்ஸ். போன கிழமையிலிருந்து ஆழத்தை நம்ப முடியவில்லை. உள்ளே தள்ளிய ராட் (துளைக் குழாய்) கணக்குப்படி 2.5 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 3.4 காட்டுகிறது, அடுத்த ராட்டில் 2.1. ரோல் (முனையின் சுழற்சி), பிட்ச் (சாய்வு) மட்டும் அழகாக வருகிறது, அதுதான் எரிச்சல்.

புது பற்றரி போட்டாயிற்று. கம்பி, கொங்கிரீட் இல்லாத வெறும் மண்ணில் 3 மீட்டர் தள்ளி வைத்து மறுபடி கலிபரேட் செய்தோம். சோண்டை வெளியே எடுத்து அணைத்துவிட்டு லொக்கேட்டரோடு பாதை முழுக்க நடந்தால் இரைச்சல் குறைவுதான். ஆகவே மின்கேபிள் மேல் பெரிய சந்தேகம் இல்லை. மிச்சம் தண்டவாள இரும்பும் கடல் தண்ணீரும். துளையில் வருகிற சேறே உப்புக் கரிக்கிறது. 19.2 கிலோஹெர்ட்ஸ் போட்டால் இன்னும் மோசம்.

கரையோரம் துளைத்தவர்களே, இந்த இடத்துக்கு 1.3 கிலோஹெர்ட்ஸ் சோண்ட் கைகொடுக்குமா?